பந்தியில் உட்காராத பிள்ளைகள்

கோயில் அசனப் பந்தியில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியோடிப் பரிமாறும் பிள்ளை, கடைசிப் பந்தி முடிந்த பிறகும் இலை முன்னால் உட்காருவதில்லை. கேட்டால் "பொறவு சாப்பிடுதேன்" என்று நழுவிவிடும். வீட்டில் சாளையை ஆய்ந்து அலசிக் குழம்பு வைப்பதும் அதே பிள்ளைதான். குழம்பில் புளி எவ்வளவு, காரம் எவ்வளவு என்று கணக்காகச் சொல்லும், ஒரு கை சோறு மட்டும் உள்ளே இறங்காது. தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தது, தவக்காலம் முடிந்தும் விடவில்லை. திருநெல்வேலிக் கடற்கரையில், உவரியிலும் பக்கத்து ஊர்களிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து "என்ன பக்தி" என்று மெச்சினோம். தாவணி தொளதொளத்தபோது "ஒல்லியா அழகா இருக்கா" என்றோம். மாதவிலக்கு நின்றுபோனது அம்மைக்குத் தெரிந்திருந்தும், ஊர் என்ன சொல்லுமோ என்று வாயை மூடிக்கொள்ளும்படி வைத்தது நாம்தான்.

1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் சமையல் குறிப்புகளைத் தேடித்தேடி வாசித்தார்கள். இருக்கிற உணவைத் துண்டு துண்டாக நறுக்கி மணிக்கணக்கில் தின்றார்கள். எரிச்சல்பட்டார்கள், ஆளோடு ஆள் பேசாமல் ஒதுங்கினார்கள். பட்டினியே மனசைப் புரட்டிப்போடும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. நாமோ அதே அடையாளங்களைப் பிள்ளையிடம் பார்த்துவிட்டுப் பிடிவாதம் என்றோம், பிறகு பேய் என்றோம்.

பேய் என்றதும் உவரி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிவந்தோம். அதில் தப்பில்லை. மனம் நொந்தவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கி மன்றாடும் இடம் அது. தமிழ்நாட்டிலேயே வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். மருந்தில்லாமலேயே, சில வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்திருந்தன. மிரட்டாத, ஆதரவான, வீட்டார் பக்கத்திலேயே இருக்கிற இடம் என்பதற்கே அவ்வளவு பலம். நம் குறை வேறு. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு எரிந்து செத்த பிறகு, கோயில் தர்கா என்றாலே நமக்குச் சங்கிலி மட்டும்தான் கண்ணில் பட்டது. சங்கிலி இல்லாமல், சத்தம் போடாமல், மூலையில் சுருண்டு கிடந்து மெலிகிற பிள்ளை யார் கண்ணிலும் படவில்லை.

அந்தப் பிள்ளையை ஒரு எடைமெஷினில் ஏற்றி நிறுத்தியிருக்கலாம். நாடி பிடித்திருக்கலாம், படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் பிரஷர் பார்த்திருக்கலாம். சாப்பிட்டதை ரகசியமாக வாந்தி எடுக்கிறவர்களுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறும். ஒரு ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். இதையெல்லாம்விடப் பெரிய அறியாமை ஒன்று நம்மிடம் உண்டு. நேர்ச்சை முடிந்தது, பிள்ளை வாய் திறந்துவிட்டாள் என்ற சந்தோசத்தில் ஒரே நாளில் பாயசமும் பிரியாணியுமாக ஊட்டுகிறோம். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து நிறையப் போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். அன்பினாலேயே ஒரு பிள்ளையைக் கொல்ல முடியும் என்பதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

படித்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பிடாமல் மெலியும் அனோரெக்ஸியா, அள்ளித் தின்றுவிட்டு வாந்தியெடுக்கும் புலிமியா எல்லாம் வெள்ளைக்காரர் வீட்டு நோய், பணக்கார வீட்டு நோய் என்று வகுப்பிலும் வார்டிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். சென்னையில் 1990களிலேயே ஸ்ரீனிவாசனும் உடன் பணியாற்றியவர்களும் 210 மருத்துவ மாணவர்களைப் பரிசோதித்து, 14.8 சதவீதம் பேருக்குச் சாப்பாட்டைச் சுற்றிய மனத்தொல்லை இருப்பதைக் கண்டார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவின் பதிவேடுகளைப் புரட்டி 2007இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக் கோளாறுகளில் மனசினால் வரும் வாந்தியே முதலிடத்தில் இருந்தது. நம் பிள்ளைகளில் பலரும் ஒல்லியாக வேண்டும் என்று சொல்வதில்லை. "நெஞ்சுக்குள்ள அடைக்கி, இறங்க மாட்டேங்கி" என்பார்கள். புத்தகத்தில் உள்ள வசனத்தைச் சொல்லவில்லை என்பதற்காகக் குளுக்கோஸ் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினோம்.

இப்போது புதிய சிகிச்சைகளைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கிறது. டொரண்டோவில் பல வருடம் எதற்கும் மசியாத அனோரெக்ஸியா உள்ள ஆறு பேருக்கு மூளைக்குள் மின்முனை பொருத்திப் பார்த்து 2013இல் எழுதினார்கள். சான் டியேகோவில் அதே நோயுள்ள பத்துப் பெண்களுக்கு, மனமயக்கக் காளானில் உள்ள சைலோசைபின் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வு 2023இல் வந்தது. இவை வளரட்டும், வேண்டும். ஆனால் அங்கே "கட்டுப்படாத நோய்" என்பது, சிகிச்சையெல்லாம் கொடுத்துப் பார்த்த பிறகு சொல்வது. நாம் சிகிச்சையே கொடுக்காமல் அந்தப் பெயரை வைத்துவிட்டோம்.

வளரிளம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு வலுவான சான்றுள்ள சிகிச்சை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது. அதில் தாயும் தகப்பனும்தான் முன்னணி. நோய்க்கு அவர்களைக் குற்றம் சொல்லாமல், வேளாவேளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்துவிட்டு, மருத்துவர் பின்னால் நின்று வழிகாட்டுவார். கோயில் வளாகத்தில் பாய் விரித்துப் பிள்ளை தலைமாட்டில் வாரக்கணக்கில் காத்திருக்கிற அம்மையைவிட இதற்குத் தகுந்தவர் யார்? அவளிடம் "நீ வளர்த்த வளர்ப்பு" என்று சொன்னோம். குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும் நம் ஏர்வாடி தர்காவிலும் மருந்தும் துஆ என்ற பிரார்த்தனையும் ஒரே இடத்தில் கிடைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்தோணியாருக்குரிய செவ்வாய்க்கிழமைகளில் உவரியில் ஒரு நர்சும் ஒரு மனநல ஆலோசகரும் உட்கார வேண்டும் என்று நாம் சேர்ந்து நின்று கேட்டிருக்க வேண்டும்.

பாஸ்டனில் அனோரெக்ஸியாவும் புலிமியாவும் உள்ள பெண்களை இருபது வருடத்துக்கும் மேலாகத் தொடர்ந்து பார்த்தார்கள். அனோரெக்ஸியாவில் ஒன்பதாம் வருடம் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் குணமாகியிருந்தார்கள். இருபத்திரண்டாம் வருடம் பத்துக்கு ஆறு பேர். நாம் "இனி ஆண்டவர் விட்ட வழி" என்று கைவிட்ட பிறகும் குணம் வருகிற நோய் இது. கலியாணமும் ஆகாமல், நாற்பது வயதில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் எலும்பும் தோலுமாக இருக்கிற அக்காமாரைக் கண் முகாமுக்கோ சர்க்கரை முகாமுக்கோகூட நாம் கூட்டிப்போனதில்லை. அவர்களை உவரியிலிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக எழுபது கிலோமீட்டர் போலப் பயணம். அதற்கு முன்னால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.