மழைக் கணக்கும் குடிநீரும்

பொதிய மலையிற் பிறந்து, நெல்லைச் சீமையை வளப்படுத்திக் கடலிற் கலக்கும் ஆறு தாமிரபரணி. தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இருபருவ மழையும் இதற்கு நீரூட்டுகின்றன. ஆதலின் வற்றாத பொருநை என்று மக்கள் இதனைப் போற்றுவர். ஆயினும், அப்புகழை மட்டும் நம்பி ஒரு நகரம் தன் குடிநீர்த் திட்டத்தை வகுத்தல் ஆகாது.

2016-ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. ஏழாண்டு கழிந்தபின், 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களிற் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. அது அவ்வட்டாரத்தின் ஓராண்டுச் சராசரி மழையினும் மிகுதி. பொருநை கரைபுரண்டது, குடிநீர்த் திட்டங்கள் பழுதுபட்டன. ஊரெங்கும் வெள்ளம், குடத்திலோ குடிக்க நீரில்லை!

இதனால் விளங்குவது யாது? சராசரி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் வறட்சியும் தெரியாது; வெள்ளமும் தெரியாது. மிகக் குறைந்த மழை எவ்வளவு, மிக மிகுந்த மழை எவ்வளவு, ஒரு நாளிற் பெய்வது எவ்வளவு, வெள்ளம் ஏறிய உயரம் எவ்வளவு என்று தனித்தனியே ஆராய்தல் வேண்டும். உறைகிணறு அமைக்கும் இடமும், நீரேற்று நிலையத்தின் உயரமும், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவும் அக்கணக்கின்படியே அமைதல் வேண்டும்.

"என்றோ வரும் வெள்ளத்திற்கு இன்றே பொருள் செலவிடுவதா?" என்று சிலர் வினவுவர். காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கும் நீராவி நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மிகும் என்பர் அறிவியலார். உலகமோ வெப்பமடைந்து வருகிறது. ஆதலின் நேற்றைய பேரளவே நாளைக்கும் எல்லை என்று கருதுதல் பிழை. பழைய கணக்கைப் பேணுவதோடு ஆண்டுதோறும் அதனைப் புதுக்கி, கட்டுமானத்திற்குச் சற்று மிகையான உயரமும் வலிமையும் அளித்தலே அறிவுடைமை. பழுதுபட்டபின் செய்யும் செலவையும் மக்கள் படும் துயரையும் நோக்க, முன்னர்ச் செய்யும் செலவு சிறிதேயாம்.

இவ்வறிவு நெல்லைக்குப் புதிதன்று. ஆற்றினுள்ளேயே நிற்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளத்தைக் கிழித்து விலக்குமாறு படகின் முகப்புப்போல் அதனை அமைத்தனர் முன்னோர். நீர் பெருகுங்கால் உற்சவமூர்த்தியை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது வழக்கம். வெள்ளம் வாராது என்று அவர்கள் நம்பவில்லை. வரும் என்று அறிந்தே கட்டினர். தெய்வத்தின் திருக்கோயிலுக்குக் காட்டிய அம்முன்னறிவை மக்களின் குடிநீருக்கும் காட்டுதல் நகர்களை ஆள்வோர் கடனன்றோ?