விரித்து எழுதினால் விளங்கும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் பத்திரிகைகளின் கல்விப் பக்கங்கள் மாதிரி வினாத்தாள்களால் நிரம்பிவிடும். கணிதப் பகுதியில் சுட்டி விதிகள் ஒரு பெட்டிக்குள் இடம்பெறும். ‘மனனம் செய்க’ என்ற கட்டளையும் கூடவே இருக்கும். கலைப் பட்டதாரியாகிய நான் கணித ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்ல முற்படவில்லை. ஆயினும் இந்தப் பெட்டிகள் மாணவருக்கு நன்மையை விடத் தீமையே செய்கின்றன என்பது என் எண்ணம்.

சுட்டி என்பது ஒரு சுருக்கெழுத்து. இன்று நாம் எழுதும் வடிவில் அதனை 1637 இல் டெக்கார்ட் தமது கேத்திரகணித நூலில் கையாண்டார். மூலத்தைக் குறிக்கும் √ அடையாளம் 1525 இல் றுடோல்ப் என்ற ஜெர்மானியரின் நூலில் அச்சேறியது. இரண்டும் எழுதும் சிரமத்தைக் குறைக்க வந்தவை. சுருக்கெழுத்துக் குறிப்பை விரித்து எழுதத் தெரியாத நிருபருக்கு அக்குறிப்பால் என்ன பயன்?

2³ × 2⁴ என்ற வினாவைப் பாருங்கள். விதியை அரைகுறையாக மனனம் செய்த பிள்ளை 2¹² என்றோ 4⁷ என்றோ எழுதும். விரித்து எழுதிய பிள்ளை ஏழு இரண்டுகளைக் கண்ணால் காணும். 2⁷ என்று எழுதும். 2⁰ ஏன் 1 ஆகிறது? 8, 4, 2 என்று பாதி பாதியாக இறங்கி வந்தால் அடுத்த படி 1. இன்னும் ஒரு படி இறங்கினால் ½, அதுவே 2⁻¹. இங்கே மனனத்துக்கு என்ன வேலை?

மூலத்திலும் இதே கதைதான். √(9 + 16) என்பதை 3 + 4 = 7 என்று பிரித்து எழுதுவோர் பலர். உள்ளே கூட்டினால் 25, விடை 5. பெருக்கலுக்குப் பொருந்துவது கூட்டலுக்குப் பொருந்தாது என்பதை இந்தச் சிறிய எண்களே காட்டிவிடும். (−3)² என்பது 9, −3² என்பது −9. அடைப்புக்குறியைக் கவனியாதவர் புள்ளியை இழப்பார்.

இது புள்ளிகளோடு மட்டும் முடிகிற விடயமன்று. கணிதத்தில் சித்தியில்லை என்பதனாலேயே மேற்படிப்பையும் தொழிலையும் இழந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களை ‘கணக்கு வராதவர்கள்’ என்று ஒதுக்குகிறோம். அவர்களுக்கு விதிகள் தரப்பட்டன, காரணங்கள் தரப்பட்டனவா?

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ரியூசன் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் பத்து விதிகளை அடுக்குவதை விட, ஒரு விதி பிறந்த கதையைச் சொல்லுங்கள். பரீட்சை மண்டபத்தில் விதி மறந்துபோகலாம். விரித்து எழுதத் தெரிந்த பிள்ளை அதனை அங்கேயே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.