காயத்துக்குச் சாட்சி யார்?

உடம்பிலே எறிகணைச் சிதறலைச் சுமந்து திரிகின்ற ஒரு மனிதனைப் பார்த்து, "உனக்குக் காயம் பட்டதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்பதற்கு அசாத்தியமான மனத்துணிவு வேண்டும். நமது நாட்டின் நிர்வாக இயந்திரத்துக்கு அந்தத் துணிவு தாராளமாக உண்டு. மன்னார்த் தீவிலே தலைமன்னார், பேசாலை தொடங்கி, பாலத்தைக் கடந்தால் தெற்கே வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை என்றும், வடக்கே விடத்தல்தீவு என்றும் நீளுகின்ற கரையிலும், அடம்பன் முதலிய வயற்கிராமங்களிலும், இந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நிற்கின்ற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் எவருடைய பெயரையும் நாம் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பது போகப் போக விளங்கும்.

இழப்பீடு கேட்டாலும் சரி, மாதாந்த உதவிப் பணம் கேட்டாலும் சரி, கிராம அலுவலரின் உறுதி வேண்டும். பொலிஸ் அறிக்கை வேண்டும். வைத்திய அறிக்கை வேண்டும். காயம்பட்ட காலத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த நோய் நிர்ணய அட்டை இருந்தால் மிகவும் நல்லது என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இதிலே குற்றம் காண இடமில்லை. பொதுப் பணத்தைக் கணக்கின்றி வாரியிறைக்க வேண்டும் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால், கேட்கப்படும் அந்தக் கடதாசி எங்கே எழுதப்பட்டிருக்க முடியும், எழுதப்பட்டிருந்தால் அது எப்படி அழிந்தது என்று கேட்பவர்கள் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணிப் பார்ப்போம். 2007 செப்டெம்பரில் சிலாவத்துறை படையினர் கைக்குப் போயிற்று. 2008 சனவரியில் மடுப் பகுதியில் பாடசாலைப் பிள்ளைகள் வந்த பேருந்து கண்ணிவெடியில் சிக்கியது. மே மாதத்தில் அடம்பன், யூலையில் விடத்தல்தீவு. போர்முனை நகர நகர, மன்னார்ப் பெருநிலத்து மக்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார்கள். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓரிடத்தில் போட்ட கொட்டிலின் கிடுகு காயுமுன் அடுத்த இடத்துக்குப் பெயர்ந்தார்கள். இந்த வழியிலேதான் காயங்கள் பட்டன. மருத்துவம் நடந்ததும் இந்த வழியிலேதான்: பாடசாலைக் கட்டடத்திலே, மரத்தடியிலே, தறப்பாளின் கீழே. 2009 பெப்ரவரி தொடக்கத்தில், மீண்டும் மீண்டும் எறிகணை விழுந்த புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளரும் ஊழியரும் வெளியேறினர். அதன் பின்னர் கடற்கரையில் இயங்கியதை ஆஸ்பத்திரி என்று சொல்வது அங்கே வேலை செய்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் நாம் செலுத்துகின்ற மரியாதையே தவிர வேறல்ல. மருந்தில்லை, இரத்தமில்லை, மயக்க மருந்து போதவில்லை. கால் ஒன்றை வெட்டி எடுத்தவுடன் அடுத்த காலுக்குத் திரும்பவேண்டியிருந்த வைத்தியர், உட்கார்ந்து அட்டை எழுதி, திகதியிட்டு, முத்திரை குத்திக் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எதிர்பார்க்கிறார்கள்!

பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் செஞ்சிலுவைக் குழு கப்பல் வழியாகக் காயக்காரரும் உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கரையேற்றியது. அந்தக் கப்பலில் ஏறித் திருகோணமலைக்கோ புல்மோட்டைக்கோ போனவர்களுக்கு ஏதோ ஒரு பதிவாவது மிஞ்சியது. ஏற இடம் கிடைக்காதவர்களுக்கு? அவர்களுக்கு மிஞ்சியது தழும்பு ஒன்றுதான். அதே ஆண்டு யூலையில், அந்தக் கரையில் கடைசிவரை வேலை செய்த அரசாங்க வைத்தியர்கள், தடுப்புக் காவலில் இருந்த நிலையிலேயே, கொழும்பிலே பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டார்கள். போரின்போது தாம் சொன்ன காயக்காரர் தொகையெல்லாம் மிகையென்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கப்பட்டது. வைத்தியரின் சாட்சியத்தை இப்படி மறுதலிக்கச் செய்த அரசு, பிற்பாடு அந்த வைத்தியரின் கையெழுத்தைக் கொண்டுவா என்று ஏழையிடம் கேட்கிறது. இந்த முரண்பாடு எந்த உத்தியோகஸ்தருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

பொதுமக்களின் நிலை இதுவென்றால், துப்பாக்கி ஏந்தியவர்களின் நிலை இன்னும் இடக்கானது. இங்கே சில நண்பர்கள் முகஞ்சுளிப்பர். இயக்கத்தின் அரசியலையும், மாற்றுக் கருத்தாளரை அது நடத்திய முறையையும் கண்மூடிப் போற்றுகிறவர்கள் அல்லர் நாம். மன்னார்க் கரையிலிருந்து போனவர்களில் விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். வீட்டுக்கு ஒருவர் என்று பறித்துச் செல்லப்பட்டவர்களும் இருந்தார்கள். தாய் காலைக் கட்டிக்கொண்டு கதறியபோதும் இழுத்துச் செல்லப்பட்ட பதினேழு வயதுப் பிள்ளை, சில மாதங்களில் ஒரு காலை இழந்து திரும்பினான் என்றால், அவன் எந்தத் தரப்பின் குற்றவாளி? போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் "புனர்வாழ்வு" என்ற பெயரில் முகாம்களில் வைக்கப்பட்டுப் படிப்படியாக விடுவிக்கப்பட்டார்கள். தச்சும் தையலும் கற்றுக் கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். முதுகெலும்பில் சன்னம் தங்கிய ஒருவனுக்குத் தச்சு வேலைச் சான்றிதழ் எதற்குப் பயன்படும் என்பதை அச்சான்றிதழில் ஒப்பமிட்டவர்களே சொல்லவேண்டும்.

இவ்வாறு விடுவிக்கப்பட்டவனுக்குப் படைவீரன் என்ற நிலை இல்லை. ஆகவே ஊன ஓய்வூதியம் இல்லை. பொதுமகன் என்ற கணக்கில் உதவி கேட்டால், காயம் எங்கே, எப்படி, யாரால் பட்டது என்ற கேள்வி வருகிறது. உண்மையைச் சொன்னால் அது வைத்தியத் தகவலாக நின்றுவிடுமா, வாக்குமூலமாக மாறிவிடுமா? 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில், வாக்குமூலம் என்றால் என்னவென்று அனுபவத்தால் அறிந்த மக்கள் இவர்கள். விடுதலையான பின்னும் வீட்டுக்கு விசாரணைக்கு வந்து போனவர்களைக் கண்டவர்கள். ஆதலால் ஒருவன் "பனையிலிருந்து விழுந்தேன்" என்கிறான். இன்னொருத்தி "கிணற்றடியில் வழுக்கியது" என்கிறாள். வைத்தியர் கேட்டதை எழுதுகிறார். அந்தக் கணத்திலேயே போரினால் வந்த ஊனம் விபத்தினால் வந்த ஊனமாகி, உரிமை பிச்சையாகச் சுருங்கிவிடுகிறது. பெயர்களை நாம் எழுதாமல் விட்டதன் காரணம் இதுதான்.

வைத்தியரிடம் உண்மை பேச முடியாத சமூகத்தில் நோயும் சரியாகத் தீராது. உள்ளே உலோகத் துண்டு கிடப்பதை மறைத்தவனைக் காந்தப் புல ஒத்ததிர்வுப் படக் கருவிக்குள் அனுப்பினால், அந்தத் துண்டு அசைந்து நரம்பையோ கண்ணையோ கெடுக்கக் கூடும். 2016 இல், புனர்வாழ்வு முகாம்களில் போட்ட ஊசிகளால் முன்னாள் போராளிகள் இறக்கிறார்கள் என்ற ஐயம் வட மாகாண சபை வரைக்கும் வந்து பேசப்பட்டது. அந்த ஐயத்தின் மெய்பொய்யைத் தீர்ப்பது நம் வேலையன்று. ஒளிவுமறைவற்ற வைத்திய பரிசோதனையின் வேலை அது. ஆனால், ஒரு கூட்டம் மக்கள் வைத்திய ஊசியையே கொலைக் கருவியாகக் காணும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால், அந்த நம்பிக்கையைக் கொன்றவர்கள் யார்?

எதிர்த் தரப்பில் நின்ற ஏழை நன்றாக வாழ்கிறான் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2016 நவம்பரில், பன்னிரண்டு ஆண்டுச் சேவை முடியுமுன் ஊனமுற்று வெளியேற்றப்பட்ட சிங்களப் படைவீரர்கள் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பிலே சனாதிபதி செயலகத்துக்கு முன் திரண்டார்கள். ஊன்றுகோலோடு வந்த அவர்கள்மீது பொலிசார் நீர்த்தாரையைப் பாய்ச்சினார்கள். வெற்றி விழாக்களில் "ரணவிரு" என்று பாடப்பட்டவர்கள் இவர்கள்! பன்னிரண்டு ஆண்டு முடியும்வரை காத்திருந்து காலைப் பறிக்கும் நாகரிகம் மிதிவெடிக்குத் தெரியவில்லை போலும். அநுராதபுரத்துக் கமக்காரனின் மகனும் அரிப்பு மீனவனின் மகனும் ஒருவரையொருவர் சுட்டு, ஒரே வகையான பொய்க்காலோடு, வெவ்வேறு கந்தோர்களின் வாசலில் நிற்கிறார்கள்.

இனி, வீதக் கணக்குக்கு வருவோம். ஊனத்தை வீதத்தில் அளப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். யாருடைய வேலையை வைத்து அளக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. வலது கையில் இரண்டு விரல் போனவன் எழுதுவினைஞனாக இருந்தால் சிரமப்பட்டாவது பேனாவைப் பிடித்துவிடுவான்; கரைவலைக் கயிற்றை இழுக்க அவனால் முடியாது. சுவாசப்பையில் சிதறல் தங்கியவன் கதிரையில் இருக்கும்போது சுகதேகியாகத்தான் தெரிவான். சங்கு குளிக்கவும் கடலட்டை பிடிக்கவும் மூச்சடக்கி இறங்க அவனால் ஆகாது. பொய்க்கால் தார்வீதியில் நடக்க உதவும். ஈரமணலில் தோணியைத் தள்ளும்போது புதையும். உப்புநீரும் மணலும் புகுந்து, வெட்டிய காலின் தோலைப் புண்ணாக்கும். சம்மாட்டி அவனைத் தோணியில் ஏற்றமாட்டார், பங்கு கிடையாது. மேசையில் கிடக்கும் அட்டவணையில் இந்தக் கடல் இல்லை. அந்த அட்டவணையை வைத்துத் தீர்ப்பளிக்கும் நிபுணரும் எப்போதும் மன்னாரில் கிடைப்பதில்லை. வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு நாட்கூலியை இழந்து போகவேண்டும்.

அத்தாட்சிச் சுமை ஊனமுற்றவன் தலையில்தான் இருக்கவேண்டும் என்பது ஏதோ இயற்கை விதி போலப் பேசுகிறார்கள். அப்படியொன்றுமில்லை. பிரித்தானியாவிலே 1943 இல் போர் ஓய்வூதிய விதிகள் திருத்தப்பட்டபோது, ஐயத்தின் நன்மை படைவீரனுக்கே சேரவேண்டும் என்று எழுதப்பட்டது. 1947 இல் நீதிபதி டெனிங், அந்த விதிகளின்படி படைவீரனுக்குச் சார்பான அனுமானம் உள்ள இடத்தில், அமைச்சர்தான் நியாயமான ஐயத்துக்கு அப்பால் அதை மறுத்து நிறுவவேண்டும் என்று விளக்கினார். அதாவது, கொலை வழக்கில் அரசு சுமக்கும் பாரத்தை ஓய்வூதிய வழக்கிலும் அரசின் தோளில் ஏற்றினார். அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டுச் சட்டம், வியட்நாமில் சேவை செய்தவன் இலையுதிர்ப்பு நஞ்சுக்கு ஆட்பட்டவன் என்றே கொள்ளச் செய்தது. எந்தக் காட்டில், எந்த நாளில் என்று அவன் நிறுவ வேண்டியதில்லை. (அந்த நஞ்சு வியட்நாமியக் குழந்தைகளை என்ன செய்தது என்று அச்சட்டம் கேட்கவில்லை, அதையும் சொல்லிவைப்போம்.) இந்தியாவிலே, வலிப்பு நோயென்று 1994 இல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில், 2013 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? சேரும்போது நோய் இருந்ததாகக் குறிக்கப்படவில்லையென்றால், அவன் சுகதேகியாகச் சேர்ந்தான் என்றே கொள்ளவேண்டும். பின்னர் வந்த நோய் சேவையால் வந்ததன்று என்றால், அதை நிறுவவேண்டியவர் வேலை கொடுத்தவர். வைத்திய சபை காரணம் எழுதாமல் முடிவு மட்டும் சொல்லக்கூடாது.

இவையெல்லாம் அரசுகள் தம் சொந்தப் படைவீரருக்குக் காட்டிய நியாயம். எதிர்த்துப் போரிட்டவனுக்கும் குறுக்கே அகப்பட்டவனுக்கும் எப்படிப் பொருந்தும் என்பர் சிலர். பொருந்தும். 2018 ஆம் ஆண்டின் இழப்பீட்டு அலுவலகச் சட்டம் வடக்கு கிழக்குப் போரிலே உரிமை மீறலுக்கு ஆளானவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான உலக உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. எந்தச் சீருடையில் காலை இழந்தாய் என்று கேட்கும்படி அந்த உடன்படிக்கையில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

பொய்க் கோரிக்கைகள் பெருகிவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையில்லாதவன் கையில்லாதவனாக நடிக்க முடியாது. சிதறல் ஊடுகதிர்ப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். தழும்பின் வடிவத்தைக் கொண்டு எறிகணைக் காயத்தையும் பனையிலிருந்து விழுந்த காயத்தையும் சட்ட வைத்திய அதிகாரி வேறுபடுத்தி அறியக் கூடும். உள்ளத்தின் காயம் படத்தில் விழாது. அதற்கு மனநல வைத்தியரின் பொறுமை வேண்டும். எப்படியாயினும் உடம்பையும் மனத்தையும் பரிசோதிக்கும் அறிவு நாட்டில் இருக்கிறது. மன்னார் நகரிலே சதொச வளவில் தோண்டியெடுத்த எலும்புகளின் மாதிரிகளை 2019 சனவரியில் அமெரிக்காவின் மயாமி நகரத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் மாதத்தில், அவை 15 ஆம் நூற்றாண்டுக்கும் 17 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்ற முடிவு வந்துவிட்டது. அந்த முடிவைப் பற்றிய வாதங்கள் வேறு. இறந்தவரின் எலும்பைக் கடல் கடந்து அனுப்பிச் சில வாரங்களில் விடை பெற முடிந்த அரசுக்கு, உயிரோடிருப்பவரின் எலும்புக்குள் கிடக்கும் இரும்பைப் பார்க்க இத்தனை ஆண்டுகள் ஏன் போதவில்லை?

நாம் கேட்பது அதிகமன்று. மன்னார் ஆஸ்பத்திரியிலே, மாதத்தில் குறித்த நாட்களில், சட்ட வைத்திய அதிகாரியும், எலும்பு வைத்தியரும், மனநல வைத்தியரும் ஒன்றாக அமரும் சபை ஒன்று வேண்டும். அந்தச் சபை தழும்பைப் பார்க்கட்டும், படம் எடுக்கட்டும், ஆஸ்பத்திரிகளில் மிஞ்சிய பதிவுகளைத் தானே தேடி எடுக்கட்டும். போர் நடந்த இடத்தில், போர் நடந்த காலத்தில் வாழ்ந்தவரின் உடம்பில் போர்க்காயம் காணப்பட்டால், அது போரினால் வந்தது என்றே எழுதட்டும். மறுப்பவர் மறுப்புக்கு அத்தாட்சி கொண்டுவரட்டும். வீதத்தைக் குறிக்கும்போது கேட்பவரின் தொழிலையும் பக்கத்தில் குறிக்கட்டும். அங்கே சொல்லப்படும் எதுவும் பொலிசுக்கோ படையினருக்கோ போகாது என்பதை வாய்வார்த்தையாக விடாமல் சட்டத்தில் எழுதட்டும். இந்தக் கடைசி வாசகம் எழுதப்படாதவரை, அந்தச் சபையின் வாசலுக்கு வருகிற எவரும் பனையிலிருந்து விழுந்தவராகவே இருப்பார்.