ஆபத்து யாருக்கு?

"சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பி விடுவேன்!" இந்த மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த மலேசியத் தமிழர்கள் குறைவு. பேராக்கில் உள்ள அந்த ஊரில் 1911-இல் திறக்கப்பட்ட மருத்துவமனைக்கு இன்று 'பகாகியா' என்று பெயர். மகிழ்ச்சி என்பது அதன் பொருள். பெயர் மாறியும் நம் பயம் மாறவில்லை. ஓர் ஊரின் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கிய சமுதாயமாக நாம் இருக்கிறோம்.

ஆனால், காலம் மாறிவிட்டது. மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்று மதில் சுவருக்குள் இல்லை. மாதம் ஒரு முறையோ, சில மாதங்களுக்கு ஒரு முறையோ கிளினிக்குக்குச் சென்று மருந்து வாங்கி வந்து, நம் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள். எனவேதான் 'இவர்களால் ஆபத்து உண்டா?' என்ற கேள்வி நம் தாமான்களில் அடிக்கடி எழுகிறது. கேள்வி தவறானதன்று. ஆனால், ஆபத்து எங்கே, எப்போது, யாருக்கு என்று கேட்காமல் தீர்ப்பு எழுதுகிறோமே, அதுதான் தவறு.

இதற்கு ஆய்வாளர்கள் விடை தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மூன்று நகரங்களில், மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 1,100-க்கும் மேற்பட்டோரை ஓராண்டுக் காலம் பின்தொடர்ந்தது மெக்கார்தர் ஆய்வு. 1998-இல் வெளிவந்த அதன் முடிவு பலரைத் திகைக்க வைத்தது. மது, போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகளுக்கும், அதே வட்டாரத்தில் வசித்த, அப்பழக்கம் இல்லாத மற்றவர்களுக்கும் வன்முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. போதை சேர்ந்தபோது இரு சாராரிடமும் வன்முறை கூடியது. நோயாளிகளிடம் மேலும் கூடியது. அப்படி வன்முறை நிகழ்ந்தபோதும், பாதிக்கப்பட்டவர்கள் தெருவில் போன அந்நியர்கள் அல்லர். பெரும்பாலும் குடும்பத்தாரும் நண்பர்களுமே.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2005-இல் சிக்காகோவில் வெளியான ஆய்வு ஒன்று, கடும் மனநோயாளிகள் வன்முறைக் குற்றத்திற்கு இலக்காகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 11 மடங்குக்கு மேல் என்று காட்டியது. அதாவது, நாம் யாரைக் கண்டு ஒதுங்கி நடக்கிறோமோ, அவர்தான் நம்மிடையே அதிகம் அடி வாங்குகிறவர்.

இதைச் சொன்னவுடன் சிலர், "அப்படியானால் மனநோய்க்கும் வன்முறைக்கும் தொடர்பே இல்லை" என்று முழங்குவார்கள். அதையும் நான் ஏற்பதற்கில்லை. நோயாளிகளில் மிகச் சிலரிடம், சில சூழ்நிலைகளில் ஆபத்து கூடுவது உண்மை. மருந்து நின்றுபோவது, சம்சுவும் போதைப் பொருளும் சேர்வது, தன்னை யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற அச்சம் முற்றுவது, முன்பே வன்முறையில் ஈடுபட்டிருப்பது ஆகியவை அச்சூழ்நிலைகளில் முக்கியமானவை. இல்லை என்று மறைத்தால், வீட்டிற்குள் இருக்கும் தாயைத்தான் கைவிடுகிறோம்.

நான் டெங்கில்வாசி. எங்கள் பகுதியில் அப்படி ஒரு தாயாரை அறிவேன். அவர் சொன்ன வார்த்தை இது: "வெளியில உள்ளவங்க எம்மவன எப்பப் பாத்தாலும் பயப்படுறாங்க தம்பி. நான் அவன் மாத்திரைய துப்புற அன்னைக்கு மட்டுந்தான் பயப்படுவேன்." ஆய்வாளர்கள் பல பக்கங்களில் எழுதியதை அந்த அம்மா இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாவின் சொல்லுக்குச் சான்றும் உண்டு. சுவீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2014-இல் வெளியான ஆய்வில், மனச்சிதைவு எதிர்ப்பு மருந்து எடுத்துக்கொண்ட காலத்தில் நோயாளிகளின் வன்முறைக் குற்றங்கள், எடுக்காத காலத்தைவிட 45 விழுக்காடு குறைந்திருந்தன. அப்படியென்றால், ஒரு தாமானின் பாதுகாப்பு நோயாளியைத் துரத்துவதில் இல்லை. அவருக்கு மருந்து தவறாமல் கிடைப்பதில் இருக்கிறது.

ஏன் தவறுகிறது? எங்கள் டெங்கிலையே எடுத்துக்கொள்ளுங்கள். புத்ராஜெயா எழுவதற்காகப் பிராங் புசார் முதலிய தோட்டங்களை விட்டு வந்தவர்கள் இங்கே தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறினார்கள். தோட்டத்தில் டிரெசர் இருந்தார். லயத்தில் ஒரு வீட்டுச் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும். பெரியவர்கள் வந்து நிற்பார்கள். அடுக்குமாடியில் சத்தம் கேட்கத்தான் செய்கிறது, கதவுதான் திறப்பதில்லை. அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் கட்டணம் 5 வெள்ளிதான். ஆனால், மகனை அழைத்துச் செல்ல ஒரு நாள் சம்பளம் போகிறது, கார் வைத்திருப்பவரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. 'எங்கே போகிறீர்கள்?' என்ற கேள்விக்குப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசிச் செலவுதான் மிகப் பெரியது. அதை வசூலிப்பவர்கள் நாம்.

பயமும் வெட்கமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலை, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கட்டி வைத்தது 'ஆபத்தானவர்கள்' என்ற நம்பிக்கை. அங்கே கொண்டுபோய் விட்டது, பெரும்பாலும் வேறு வழி தெரியாத குடும்பங்கள். அதே தமிழ் மண்ணில்தான், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகளின் சிகிச்சைக்கும் மறுவாழ்வுக்கும் வழி திறந்தார். சங்கிலியும் நம்முடையதே, சாரதா மேனனும் நம்முடையவரே. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நம் கையில்.

நம் நாட்டிலும் ஏர்வாடி எரிந்த அதே 2001-இல் மனநலச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2010-இல். 2023-இல் நாடாளுமன்றம் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோயாளியின் வீட்டிற்கே செல்லும் சமூக மனநலக் குழுக்களும், மெந்தாரி மையங்களும், மருந்தைத் தபாலில் பெறும் வசதியும் இருக்கின்றன. இவற்றைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பதே என் குறை.

மாணவ நண்பர்களே, இங்கேதான் நம் பங்கு வருகிறது. முதலில், நம் கலை இரவு நாடகங்களில் கைதட்டலுக்காக வரும் 'பைத்தியக்கார' வேடத்தை நிறுத்துவோம். 'சேது' (1999) படம் பரிதாபத்தைக் காட்டியது. 'அந்நியன்' (2005) கொலையைக் காட்டியது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் சாதாரண மனிதரை யார் காட்டுவது? இரண்டாவதாக, விடுமுறையில் தோட்டப்புறப் பள்ளிகளுக்கு யூபிஎஸ்ஆர் வகுப்பு நடத்தப் போன மூத்த மாணவர்களின் வழியில், இன்றைய உறுப்பினர்கள் தாமான்களில் மனநல விளக்கக் கூட்டம் நடத்தலாம். மருத்துவமும் தாதிமையும் பயிலும் தமிழ் மாணவர்கள் நம்மிடையே இல்லாமலா போய்விட்டார்கள்? மூன்றாவதாக, கார் வைத்திருக்கும் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு காலைப் பொழுது, ஒரு குடும்பத்தைக் கிளினிக்குக்கு ஏற்றிச் செல்லுங்கள். நன்கொடையைவிட அது பெரிது.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். தாக்குதல் நடக்கும் நேரத்தில் அந்த அம்மா தனியாகச் சமாளிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்போது 999-ஐ அழைக்கத்தான் வேண்டும். அதில் அவமானம் இல்லை. ஆனால், அந்த நேரம் வருவதற்கு முன் பல வாரங்கள் இருக்கின்றன. தூக்கம் கெட்ட வாரம், மருந்து தீர்ந்த வாரம், கிளினிக் தேதி தவறிய வாரம். அந்த வாரங்களில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும், பல சமயங்களில் 999 தேவைப்படாது.

அந்தக் கதவு உங்கள் வீட்டுக் கதவாக இருக்கட்டும்.