நோய்க்கு நாம் வைக்கும் பெயர்

ஹெவ்லொக் டவுனில் 138ஆம் இலக்க பஸ் ஏறினால் மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகலாம். அங்கு சிகிச்சை பெறுவதற்காக வடக்கிலிருந்து வந்து, ஹெவ்லொக் டவுனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த ஒரு தாயைச் சந்தித்தேன். வன்னியில் வயல் செய்தவர். மூன்று முறை இடம்பெயர்ந்தவர். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் எட்டு மாதங்கள் அவர் யாருக்கும் சொல்லவில்லை. கட்டியைவிட, ஊர் அதற்கு வைக்கப்போகும் பெயருக்கே அவர் கூடுதலாகப் பயந்தார். "என்ன பாவம் செய்தாளோ எண்டுதானே கதைப்பினம்" என்றார்.

நோய்க்குப் பெயரும் அடையாளமும் கொடுப்பது எமக்குப் புதிதல்ல. கொப்புளிப்பான் வந்தால் 'அம்மாள் வருத்தம்' என்கிறோம். வாசலில் வேப்பிலை செருகுகிறோம். வேப்பிலையைக் கண்டவர் உள்ளே வருவதில்லை. தொற்றுப் பரவுவது குறைகிறது. வீட்டிலுள்ளோரும் நோயாளியைக் கடிந்து பேசாமல், குளிர்ச்சியான உணவு கொடுத்துப் பராமரிக்கிறார்கள். பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதை ஒழித்தது தடுப்பூசியே, வேப்பிலை அல்ல. ஆனால் நோயாளியைக் குற்றவாளியாக்காமல் காத்ததில் வேப்பிலைக்கும் பங்குண்டு.

புற்றுநோய்க்கு அப்படியொரு ஆறுதலான அடையாளம் எம்மிடம் இல்லை. பாவம், பழி, ஏழரைச் சனி என்கிறோம். அல்லது பெயரே சொல்லாமல் 'அந்த வருத்தம்' என்கிறோம். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், தாமே மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபின், 1978இல் இதுபற்றி ஒரு நூல் எழுதினார். நோயைச் சாபமாகவும் யுத்தமாகவும் பேசுவது நோயாளிக்கு வெட்கத்தைத் தந்து, அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்குகிறது என்பது அவர் வாதம். உவமைகளையே களைய வேண்டும் என்றார்.

நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் 'நோயோடு போராடுங்கள்' என்பதை யுத்தத்தில் காணியும் பிள்ளையும் இழந்தவரிடம் எப்படிச் சொல்வது? அவர் இறந்துவிட்டால் தோற்றுப்போனார் என்பதா?

அந்தத் தாய் தமக்கான சொல்லைத் தாமே கண்டெடுத்தார். மருந்தேற்றியதால் முடி கொட்டிய தலையைத் தடவியபடி, "அரிவு வெட்டின வயல் மாதிரிக் கிடக்கு. அடுத்த மழைக்கு முளைக்கும்தானே" என்று சிரித்தார். இது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலானோருக்கு முடி மீண்டும் வளரும். காணியை இழந்தாலும் காணி தந்த அறிவை அவர் இழக்கவில்லை. மகரகமை வைத்தியசாலையின் பெயரும் இன்று 'அபேக்ஷா'. எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்பது அதன் பொருள்.

ஒரு சொல் நல்லதா கெட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. அது நோயாளியை வைத்தியரிடம் அனுப்புகிறதா, மூலையில் முடக்குகிறதா? அயலவரை அருகில் அழைக்கிறதா, விலக்குகிறதா?

இன்று தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. ஆகவே கட்டி தட்டுப்பட்டால் அன்றே சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் வந்து சொன்னால், என்ன பாவம் என்று யோசியாதீர்கள். "கிளினிக் எப்ப? நானும் கூட வாறன்" என்று சொல்லுங்கள்.