கையுறையோடு கடமை முடியாது
பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் நிலையில், கனமான பொருட்களைக் கையாளும் தொழிலாளரின் விரல்களைக் காக்கும் பொறுப்பை மாநில விதிகள் ஐயத்துக்கு இடமின்றி நிர்வாகத்தின் மீது சுமத்த வேண்டும். காயம் விளைவிக்கக்கூடிய எடையைத் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 34-ஆவது பிரிவே கூறிவிட்டது. ஆனால், பாரத்தைத் தூக்கும்போது மட்டுமல்ல, இறக்கும்போதும் விரல் நசுங்குகிறது. இறக்கப்படும் இரும்பு வார்ப்புக்கும் தரைக்கும் நடுவே கையை உருவிக்கொள்ள இடமிருப்பதில்லை. அடியில் இரண்டு மரக்கட்டைகள் கிடந்தால் அந்த இடம் கிடைத்துவிடும். செலவு என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. கையுறை வெட்டுக்காயத்தைத் தடுக்கும். நூறு கிலோ இரும்பின் அழுத்தத்தைத் தடுக்காது. கையுறை கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, விபத்துக்குப் பின் ‘கவனக்குறைவு’ என்று பதிவேட்டில் எழுதுவதை ஏற்க முடியாது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, சுட்டுவிரல் போனால் 14 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு என்கிறது இழப்பீட்டு அட்டவணை. லேத்தில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பது தனி விவாதம். ஓர் ஆண் தொழிலாளி சுமக்கும் பாரத்துக்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்த வரம்பு 55 கிலோ. அதைத் தாண்டிய எதையும் செயின் புல்லியோ தள்ளுவண்டியோ இன்றி நகர்த்தச் சொல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாகத் தமிழக அரசு அறிவிக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அது பொருந்த வேண்டும்.