மலையில் தாய், லண்டனில் பிள்ளைகள்

கீழப்பழுவூர்ப் பக்கம் பல வீடுகளில் அப்பத்தாதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், பெற்றவர்கள் வளைகுடாவில். இந்தப் பிரிவைப் பற்றிப் பேச எனக்கு ஈவ்லின் பிராண்ட் நினைவுதான் முதலில் வருகிறது. இங்கிலாந்திலிருந்து வந்து, கணவர் ஜெஸ்ஸியோடு கொல்லிமலையில் குடும்பம் நடத்திய மிஷனரி அவர். மகன் பால் 1914-இல் பிறந்தான். அம்மாதான் டீச்சர். கொடுத்த பாடத்தை மரத்தின் மேல் உட்கார்ந்து எழுதி, கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவானாம். அந்தப் பிள்ளையையும் தங்கை கான்னியையும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், உறவினர் வீட்டில் விட்டுவிட்டுத் தம்பதி மலைக்குத் திரும்பினார்கள்.

1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். லண்டனுக்குத் தந்தி முந்திக்கொண்டது. உயிரோடிருந்தபோது அவர் மகனுக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் பின்னால் வந்து சேர்ந்தன. பாலுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை. தாய் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால்.

முதுமையிலும் குதிரையேறி மலைமலையாக வைத்தியம் பார்த்த ஈவ்லினை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியவர்தான். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்டையும் சேர்த்தே கொண்டாடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகள் தாயில்லாமல் வளர்ந்த ஆண்டுகளைத் தியாகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தியாகத்தில் பாதி, சம்மதம் கேட்கப்படாத பிள்ளைகளுடையது. இன்று வெளிநாட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு வருடம் ஒருமுறையாவது சம்பளத்தோடு விடுப்பும் விமானச் செலவும் ஒப்பந்தத்திலேயே எழுதித் தரப்பட வேண்டும்.